தூக்கினால் தளர்கிறது, இறக்கினால் கொதிக்கிறது: கிட் ஹெலிகாப்டர் எஞ்சினில் கோளாறு தேடுவது எப்படி?

கேள்வி இதுதான். டெக்சாஸில் இருக்கும் நண்பர்கள் இருவர், வேறொருவர் கட்டிப் பல ஆண்டுகள் கொட்டகையில் நிறுத்தியிருந்த மினி-500 ஹெலிகாப்டரை வாங்கியிருக்கிறார்கள். ஒற்றை இருக்கை, ரோட்டாக்ஸ் 582 டூ ஸ்ட்ரோக் எஞ்சின். தரையில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. கலெக்டிவை (ரோட்டர் இறக்கைகளின் கோணத்தை மாற்றி வண்டியை ஏற்றி இறக்கும் நெம்புகோல்) தூக்கி அந்தரத்தில் நிறுத்தினால் ஓரிரு நிமிடத்தில் ஆர்.பி.எம். சரிகிறது. கீழே இறக்கும்போது பின்பக்கச் சிலிண்டரின் புகைக்குழாய் வெப்பம் 650 டிகிரியைத் தொடுகிறது. ஒரு முறை எஞ்சின் இருமிவிட்டுத் திரும்பப் பிடித்துக்கொண்டதாம். "மெயின் ஜெட்டைப் பெரிதாக்கினால் சரியாகிவிடுமா?" என்று கேட்கிறார்கள்.

இப்போதைக்கு மெயின் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் முக்கியத் துளையை, தொடாதீர்கள். அதைவிட முக்கியம், இந்த நிலையில் அதைத் தரையிலிருந்து ஓர் அடிகூட எழுப்பாதீர்கள். இவ்வளவு சிறிய ஹெலிகாப்டரின் ரோட்டர் எடை குறைந்தது. சேமித்து வைத்திருக்கும் சுழல் ஆற்றலும் அதற்கேற்பக் கொஞ்சம்தான். எஞ்சின் நின்றால் கலெக்டிவைக் கீழே தள்ள விமானிக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நொடி. பத்தடி, இருபதடி உயரத்தில் மெதுவாக நகரும்போது நின்றால் அந்த நொடிகளும் பெரிதாக உதவாது. இருமிய எஞ்சின் இன்னொரு முறை இருமும், அடுத்த முறை திரும்பப் பிடிக்காமலும் போகும் என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். ரோட்டாக்ஸ் நிறுவனமே தன் கையேட்டில், இந்த எஞ்சின் திடீரென நின்றுபோகக்கூடியது என்று எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கையைச் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மினி-500 தயாரித்த மிசூரி நிறுவனம் 1999-இல் மூடப்பட்டுவிட்டது. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தொழிற்சாலை இல்லை. ஒவ்வொருவரும் தம் கையால் கட்டியது என்பதால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. முந்தைய உரிமையாளர் எந்த ஜெட் போட்டார், நீடிலை (பெட்ரோல் போகும் வழியில் ஏறி இறங்கி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசி) எந்தப் படியில் வைத்தார், சைலன்சரை மாற்றினாரா என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆகவே முதல் வேலை, இரண்டு கார்புரேட்டர்களையும் திறந்து உள்ளே இருப்பதை அப்படியே ஒரு தாளில் எழுதுவது. மெயின் ஜெட் எண், நீடில் ஜெட் எண், நீடிலின் எண், அதன் கிளிப் எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது, ஐடில் ஜெட் எண் எல்லாம் வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் இல்லாமல் இருந்தால் வியப்படையாதீர்கள். கைமாறி வந்த வண்டிகளில் அது அடிக்கடி காணக்கூடியதுதான்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். 582 எஞ்சினைப் பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி, புரொப்பெல்லர் மாட்டிய இலகு விமானக்காரர்கள் எழுதியது. புரொப்பெல்லரில் த்ராட்டிலைக் குறைத்தால் ஆர்.பி.எம்.மும் கூடவே குறையும். பாதி த்ராட்டில் என்றால் எஞ்சின் மெதுவாகவும் சுழலும். ஹெலிகாப்டரில் அப்படி இல்லை. ரோட்டர் எப்போதும் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும். எனவே எஞ்சினும் ஏறும்போது, நிற்கும்போது, இறங்கும்போது எல்லாம் ஆறாயிரத்துச் சொச்சம் ஆர்.பி.எம்.மிலேயே நிற்கிறது. மாறுவது சுமை மட்டும். சுமைக்கேற்ப, கார்புரேட்டரின் காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு ஏறி இறங்குகிறது. அதனால் ஆர்.பி.எம். மீட்டரைப் பார்த்து இந்த எஞ்சினின் நோயைக் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கோளாறு வந்த நொடியில் ஸ்லைடு எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதே கேள்வி.

காரணம், 582-இல் இருக்கும் பிங் 54 கார்புரேட்டர் ஸ்லைடின் உயரத்தைப் பொறுத்து வெவ்வேறு வழிகளில் பெட்ரோலை அளந்து கொடுக்கிறது. ஏறத்தாழ மூடிய நிலையில் ஐடில் ஜெட். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை நீடிலும் நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேலே போனால்தான் மெயின் ஜெட்டின் ஆட்சி. இறங்கும்போது உங்கள் ஸ்லைடு பாதியிலோ அதற்குக் கீழேயோ இருக்கிறது. அங்கே வரும் வெப்பத்துக்கு மெயின் ஜெட்டை மாற்றினால் அந்த இடத்தில் ஒன்றும் மாறாது. ஆனால் அந்தரத்தில் நிற்கும்போது பெட்ரோல் அளவுக்கு மேல் போய், ஏற்கெனவே தளர்கிற எஞ்சின் இன்னும் தளரும்.

கையாலாகிற ஒரு சிறு வேலை சொல்கிறேன். கலெக்டிவ் பிடியின் முனையில் இருக்கும் த்ராட்டில் முறுக்கியில் வெள்ளை டேப் ஒட்டுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஒருவர் கார்புரேட்டர் வாயைப் பார்த்தபடி இருக்க, மற்றவர் த்ராட்டிலை மெல்லத் திருப்ப வேண்டும். ஸ்லைடு கால் பங்கு, அரை, முக்கால் திறக்கும் இடங்களில் டேப்பில் பேனாவால் கோடு போடுங்கள். கலெக்டிவைத் தூக்கினால் த்ராட்டிலும் சேர்ந்து திறக்கும்படி இணைப்பு இருந்தால், கலெக்டிவ் நெம்புகோலின் அடியிலும் அதேபோல் கோடுகள் தேவைப்படும். இதன் பிறகு "இறங்கும்போது சூடாகிறது" என்று சொல்ல மாட்டீர்கள். "அரைக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே சூடாகிறது" என்பீர்கள். பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிடும்.

எதையும் கழற்றும் முன் மீட்டரைச் சந்தேகியுங்கள். புகைக்குழாய் வெப்பத்தைக் காட்டும் இஜிடி மீட்டரின் உணரி, பிஸ்டன் முகப்பிலிருந்து சுமார் 100 மில்லிமீட்டர் தூரத்தில், இரு குழாய்களிலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒன்று கிட்டத்திலும் இன்னொன்று எட்டத்திலும் துளையிடப்பட்டிருந்தால் இரண்டும் வெவ்வேறு கணக்குத்தான் காட்டும். இரண்டு உணரிகளையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சூடு பின் சிலிண்டரிலேயே நின்றால் அது உண்மையான சூடு. உணரியோடு சேர்ந்து முன் சிலிண்டருக்குத் தாவினால் உங்கள் எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, உணரிக்குத்தான் வைத்தியம். 582-க்கு வழக்கமான இஜிடி 500 முதல் 620 டிகிரி செல்சியஸ் வரை; 650 உச்ச வரம்பு. உங்கள் எண் வரம்பின் விளிம்பில் நிற்கிறது.

இப்போது முதல் குறையை எடுத்துக்கொள்வோம்: அந்தரத்தில் நிற்கும்போது ஆர்.பி.எம். சரிவது. ஹெலிகாப்டரின் டேக்கோமீட்டரில் இரண்டு முட்கள் உண்டு, ஒன்று எஞ்சினுக்கு, மற்றது ரோட்டருக்கு. சக்தியோடு பறக்கும்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி நிற்க வேண்டும். ரோட்டர் முள் மட்டும் கீழே போய் எஞ்சின் முள் அப்படியே நின்றாலோ மேலே எகிறினாலோ, எஞ்சின் குற்றவாளி அல்ல. இடையில் இருக்கும் கிளட்ச்சோ பெல்ட்டோ வழுக்குகிறது. இரண்டும் சேர்ந்தே சரிந்தால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

சேர்ந்து சரிகிறது என்றால், எப்போது என்பது அடுத்த கேள்வி. தூக்கிய உடனேயே சரிந்தால் சுமை அதிகம் அல்லது சக்தி குறைவு. ரோட்டர் இறக்கைகளின் கோணம் தேவைக்கு மேல் வைக்கப்பட்டிருக்கலாம். கலெக்டிவுக்கும் த்ராட்டிலுக்கும் உள்ள இணைப்பு சரியாக அமையாமல், இறக்கைக் கோணம் ஏறும் வேகத்துக்கு ஸ்லைடு திறக்காமல் இருக்கலாம். த்ராட்டிலை முழுக்கத் திருப்பினாலும் ஸ்லைடு வாயின் கூரை வரை போகாமல் கேபிள் தடுக்கலாம். இதைக் கண்ணால் பார்த்தே உறுதி செய்துகொள்ளலாம். சைலன்சரும் சந்தேகத்துக்குரியது. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் என்பது சத்தம் குறைக்கும் பெட்டி மட்டுமல்ல. திரும்பி வரும் அழுத்த அலையால் சிலிண்டரை நிரப்பும் வேலையும் அதற்கு உண்டு. உள்தகடு ஒன்று விட்டுப்போனால் கீழ் வேகத்தில் ஒன்றும் தெரியாது, மேலே சக்தி காணாமல் போகும். குளிர்ந்த பிறகு கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது கலகலத்தால் விடை கிடைத்துவிட்டது.

நீங்கள் சொல்வதோ ஓரிரு நிமிடம் கழித்துச் சரிகிறது என்று. தாமதித்து வரும் தளர்ச்சிக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும்: பெட்ரோல் வரத்து போதவில்லை, ஏதோ ஒன்று சூடேறிப் பழுதாகிறது, அல்லது எஞ்சின் தன் சூட்டுக் காற்றையே சுவாசிக்கிறது.

நான் முதலில் சந்தேகிப்பது பெட்ரோல் வரத்தை. முழுச் சக்தியில் 582 மணிக்கு 25 லிட்டருக்கு மேல் குடிக்கும். தரையில் சும்மா சுழலும்போது அதில் ஒரு பங்குதான் தேவை. அடைபட்ட வழியிலும் அவ்வளவு வந்துவிடும். அந்தரத்தில் நிற்கும்போது கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருக்கும் இருப்பு கரைந்து, ஓரிரு நிமிடத்தில் மட்டம் இறங்குகிறது. இதை நேரடியாகவே பார்த்துவிடலாம். வண்டியைக் கான்கிரீட் தரையில் பதித்த வளையங்களோடு இறுக்கமாகக் கட்டி, அனுபவமுள்ள விமானி ஒருவர் இருக்கையில் இருக்க, சுமை ஏற்றி ஓட்டுங்கள். கட்டு தொளதொளவென்று இருக்கக் கூடாது; ஒரு பக்கச் சறுக்குக்கட்டை மட்டும் எழும்பி மறுபக்கம் பிடிபட்டால் வண்டி கவிழும். சுழலும் வட்டத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. ஆர்.பி.எம். சரியத் தொடங்கிய கணத்தில் எஞ்சினை நிறுத்துங்கள். ரோட்டர் முழுதும் நின்று, சூடும் கொஞ்சம் தணிந்த பிறகு, தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, கார்புரேட்டர்களின் கிண்ணங்களைக் கழற்றுங்கள். ஒரு கம்பிக் கிளிப்தான் அதைப் பிடித்திருக்கிறது, எளிதில் வந்துவிடும். கிண்ணத்தில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது? எஞ்சின் ஓடாதபோது பம்ப்பும் ஓடாது என்பதால் நிறுத்திய கணத்து அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். இரண்டும் அரைகுறை என்றால் பொதுவான வழியில் தடை. ஒன்று மட்டும் குறைவு என்றால் அந்தக் கார்புரேட்டரின் மிதவை ஊசியிலோ அதற்குப் போகும் குழாயிலோ தடை.

பொதுவான வழி என்றால் டேங்க் மூடியின் காற்றுத்துளை, ஃபில்டர், குழாய்கள், பம்ப். மூடியைத் தளர்த்தி அதே சோதனையைச் செய்தால் காற்றுத்துளையின் கதை தெரிந்துவிடும். 582-இல் உள்ள பம்ப்புக்கு மின்சாரம் இல்லை. கிரேங்க் அறையின் அழுத்தத் துடிப்பில் ஒரு சவ்வு அசைந்து பெட்ரோலைத் தள்ளுகிறது. கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த சவ்வு காய்ந்து விறைத்திருக்கும். துடிப்பைக் கொண்டுவரும் குழாய் மெத்தென்று இருந்தாலோ மிக நீளமாக இருந்தாலோ துடிப்பு வழியிலேயே மடிந்துபோகும். அமெரிக்கப் பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. அது பழைய ரப்பர் குழாய்களின் உட்சுவரை உரித்துத் தூளாக்கும், அந்தத் தூள் ஃபில்டரிலும் ஜெட்டிலும் போய் அடையும். பம்ப்பின் சவ்வையும் எல்லா ரப்பர் குழாய்களையும், நன்றாகத் தெரிந்தாலும்கூட, மாற்றிவிடுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சூடேறிப் பழுதாவது பெரும்பாலும் மின்பொறிப் பக்கம். 582-க்கு இரட்டைப் பற்றவைப்பு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். ஒரு சர்க்யூட் இரண்டு சிலிண்டர்களிலும் ஒவ்வொரு பிளக்கை எரிக்கிறது. ஆகவே ஒரு சர்க்யூட் போனால் இரண்டு சிலிண்டர்களும் சேர்ந்துதான் தளரும். எரிதல் மெதுவாகி இரண்டிலும் இஜிடி ஏறும். ஒரே சிலிண்டரில் மட்டும் குறை என்றால் சர்க்யூட்டை விட்டுவிட்டு அந்தச் சிலிண்டரின் பிளக்குகளையும் பிளக் மூடிகளையும் பாருங்கள். மூடியின் தடை 5 கிலோ ஓம் அளவில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று மடங்கு காட்டினால் தூக்கிப் போடுங்கள். பிளக் இடைவெளி 0.5 மில்லிமீட்டர். எஞ்சின் சூடாக, பறக்கும் ஆர்.பி.எம்.மில், கலெக்டிவ் அடிமட்டத்தில் இருக்கும்போது ஒவ்வொரு சர்க்யூட்டாக அணைத்துப் பாருங்கள்; இரண்டிலும் சரிவு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் செய்த சோதனை தேறினால் அதை நம்பாதீர்கள். காந்தச் சுருளில் உள்ள விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும்.

மூன்றாவது காரணம், விமானியின் முதுகுக்குப் பின்னால் அடைத்து வைக்கப்பட்ட எஞ்சின். அந்தரத்தில் நிற்கும்போது எதிர்க்காற்று இல்லை. ரேடியேட்டர் துப்பும் சூட்டுக் காற்று மறுபடி ஏர் ஃபில்டருக்குள் போகலாம். ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானியைக் கட்டி வைத்துப் பாருங்கள். வெளிக்காற்றைவிட அங்கே மிகவும் சூடாக இருந்தால் தடுப்புத் தகடு ஒன்று போதும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 582-இன் உச்ச சக்தியான 65 குதிரைத்திறன் கிடைப்பது 6500 ஆர்.பி.எம்.மில். டூ ஸ்ட்ரோக்கின் சக்தி ஒரு குறுகிய வேகப் பட்டைக்குள் அடங்கியது. அதற்குக் கீழே விழுந்தால் சட்டென்று காணாமல் போகும். ஆர்.பி.எம். சரியும்போது வண்டி தாழ்கிறதே என்று கலெக்டிவை இன்னும் தூக்கினால் சுமை கூடி, எஞ்சின் பட்டையை விட்டு வெளியே விழும், பிறகு திரும்ப ஏறாது. தயங்காமல் கலெக்டிவைத் தாழ்த்த வேண்டும். கை இதற்குப் பழகியிருக்காவிட்டால் பயிற்றுநருடன் இரட்டை இருக்கை ஹெலிகாப்டரில் பழகிவிட்டு வாருங்கள்.

இனி இரண்டாவது குறை, எனக்கு அதிகக் கவலை தருவது. இறங்கும்போது சூடேறுவது.

பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டிய பழைய ஸ்கூட்டரை மலைப்பாதையில் இறக்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: த்ராட்டிலை மூடிக்கொண்டு கியரில் இறங்கினால் சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுழற்றும், ஆனால் பெட்ரோல் வராது, பெட்ரோலோடு வரவேண்டிய ஆயிலும் வராது. உங்கள் ஹெலிகாப்டர் இறங்கும்போது நடப்பதும் இதற்கு நெருங்கியது. சுமை இறங்கிவிட்டது, ஸ்லைடு பாதிக்குக் கீழே. ஆனால் பிஸ்டன்கள் அதே ஆறாயிரத்துச் சொச்சம் வேகத்தில் ஓடுகின்றன. நீடிலின் அமைப்பு புரொப்பெல்லரை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டதாக இருந்தால் இந்த நிலைக்கு அது தரும் கலவை மெலிந்திருக்கும். மெலிந்த கலவை சூடாக எரியும். பெட்ரோல் ஆவியாகிக் குளிர்விக்கும் வேலையும் குறையும். 50-க்கு 1 என்ற கணக்கில் கலந்த ஆயிலும் அதே அளவுக்குக் குறையும். கடைசியில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். முழுச் சக்தியில் தாக்குப்பிடித்த எஞ்சின் சாவகாசமாக இறங்கும்போது பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

இதைச் சோதிக்க வானத்துக்குப் போக வேண்டியதில்லை. வண்டியைக் கட்டிவைத்து, கலெக்டிவ் முழுக்கக் கீழே இருக்க, பறக்கும் ஆர்.பி.எம்.முக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். ரோட்டர் முழு வேகம், சுமை குறைவு. இறங்கும்போது எஞ்சினுக்கு இருக்கும் நிலைமைக்கு இது மிக அருகில். டேப்பில் போட்ட கோட்டையும் இரண்டு இஜிடி எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். எண் 620-ஐ நோக்கி ஏறிக்கொண்டே போனால் உடனே த்ராட்டிலைக் குறைத்துவிடுங்கள். 650 வரை காத்திருந்து பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

இரண்டு சிலிண்டரும் சேர்ந்து ஏறினால் நீடில் அமைப்பைத் திருத்த வேண்டும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் ஒரு படி மேலே நிற்கும், கலவை செறியும். ஒரு படி மட்டும். பிறகு மறுபடி ஓட்டி எழுதிப் பாருங்கள். படிகள் போதவில்லை என்றால் நீடில் ஜெட்டை ஓர் எண் பெரிதாக்கலாம். ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஆனால் உங்களுக்கு ஏறுவது பின் சிலிண்டர் மட்டும். ஜெட் அளவு இரண்டிலும் ஒன்றுதான் என்று உறுதியானால், ஒரு பக்கத்து வெப்பத்துக்குக் காரணம் அந்தப் பக்கத்தில் ஏதோ ஒன்று தேய்ந்தோ, கிழிந்தோ, தாமதித்தோ இருப்பதுதான். முதலில் ஸ்லைடுகள் இரண்டும் ஒரே கணத்தில் எழுகின்றனவா என்று விரல் நுனியை வைத்துப் பாருங்கள். கேபிள் ஒன்று தொய்ந்து ஒரு ஸ்லைடு அரை மில்லிமீட்டர் பின்தங்கினாலும் பாதித் த்ராட்டிலில் வித்தியாசம் தெரியும். அடுத்து நீடிலை வெளியே எடுத்து, கிளிப் உட்காரும் பள்ளத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். ஹெலிகாப்டரின் அதிர்வு ஓயாதது. கிளிப் அந்தப் பள்ளத்தை மெல்ல மெல்ல அராவுகிறது. பள்ளத்தின் ஓரம் கத்தியால் சீவியதுபோல் பளபளத்தால் நீடிலையும் கிளிப்பையும் மாற்றுங்கள். கிளிப் நழுவினால் நீடில் கீழே விழுந்து, அந்தச் சிலிண்டருக்குப் பாதித் த்ராட்டிலில் பெட்ரோல் ஏறக்குறைய நின்றே போகும்.

பிறகு ஏர் லீக். கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் ரப்பர் கழுத்தைக் கழற்றி இரு கைகளாலும் வளைத்துப் பாருங்கள்; மாட்டியிருக்கும்போது தெரியாத வெடிப்பு வளைத்தால் வாய் பிளக்கும். அது நன்றாக இருந்தால் கிரேங்க் அறையை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். புகைவாயையும் உள்வாயையும் அடைத்து, 0.5 பார் தாண்டாமல் காற்றேற்றி, சோப்பு நீர் தடவிப் பார்த்தால் எங்கே குமிழி வருகிறதோ அங்கே கசிவு. கிரேங்க் ஓர சீல்கள், சிலிண்டர் அடி கேஸ்கெட் இரண்டையும் கவனியுங்கள். பல ஆண்டு நின்ற எஞ்சினில் சீல்களின் உதடு கெட்டிப்பட்டிருப்பது வழக்கம்.

ஒரு முறை இருமியதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கலவை மெலிந்தும் இருமும்தான். ஆனால் கோளாறு நொடி நேரம் வந்து மறைந்தால் நான் ஒயரையும் பார்ப்பேன். இந்த எஞ்சினை அணைப்பது ஒயரை உடலோடு சேர்த்து எர்த் செய்வதால். சுவிட்சுக்குப் போகும் அந்த ஒயர் எங்காவது குழாய்ச் சட்டத்தில் உரசித் தோல் உரிந்திருந்தால், ஒரு குறிப்பிட்ட அதிர்வில் மட்டும் செம்பு சட்டத்தைத் தொடும், பொறி நிற்கும், மறுநொடி விலகும். ஒயரை முழு நீளமும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். சந்தேகம் தீராவிட்டால் எஞ்சின் பக்கத்தில் அந்த ஒயரைக் கழற்றிவிட்டுத் தரையில் ஓட்டலாம். அப்போது சுவிட்சால் எஞ்சினை அணைக்க முடியாது, பெட்ரோல் குழாயை மூடித்தான் நிறுத்த வேண்டும் என்பதை இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதிர்வில் கிண்ணத்துப் பெட்ரோல் நுரைப்பதும் இருமலுக்குக் காரணமாகலாம். கார்புரேட்டர்களைத் தாங்கும் ரப்பர் இறுகிப்போயிருந்தால் அது நடக்கும்.

இவ்வளவுக்கும் முன்போ பின்போ, சைலன்சரைக் கழற்றிப் புகைவாய் வழியாகப் பிஸ்டனைப் பார்க்கும் வேலையைத் தவிர்க்காதீர்கள். டார்ச் ஒன்று போதும். புகைவாய்ப் பக்கம் மட்டும் செங்குத்தாகக் கீறல், அலுமினியம் தேய்ந்து பூசியதுபோல் இருந்தால் மெலிந்த கலவையால் சூடேறி ஏற்கெனவே ஒரு முறை பிடித்திருக்கிறது. சுற்றிலும் நான்கு இடங்களில் சம தூரத்தில் கீறல் இருந்தால் கதை வேறு, அது குளிரில் பிடித்தது. பிஸ்டன் தலையின் விளிம்பு மணல் அரித்ததுபோல் இருந்தால் வெடியதிர்வு. பழைய பெட்ரோலோ தரம் குறைந்த பெட்ரோலோ போட்டிருக்கிறார்கள். ரிங்கை ஒரு மரக்குச்சியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். வில்போல் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். அசையாவிட்டால் கரி பிடித்திருக்கிறது. தலையைத் திறந்து சுத்தம் செய்யாமல் ஓட்டக் கூடாது.

குளிரில் பிடிப்பது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீர்க்குளிர்ச்சி எஞ்சினில் அது நடக்காது என்று நினைப்பவர்கள் பலர். தரையில் கொஞ்ச நேரம் மெதுவாக ஓடும்போது சிலிண்டரைச் சுற்றிய நீர் மட்டும் சூடாகிறது, ரேடியேட்டரில் இருப்பது இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. சட்டென்று கலெக்டிவைத் தூக்கினால் பிஸ்டன் உடனே விரிகிறது. அதே நேரம் தெர்மோஸ்டாட் திறந்து குளிர்ந்த நீர் பாய, சிலிண்டர் சுருங்குகிறது. இரண்டுக்கும் இடையே இருந்த சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இடைவெளி மறைந்துவிடுகிறது. நீரின் வெப்பம் 65 டிகிரி தாண்டி, தெர்மோஸ்டாட் திறந்து, முள் ஒரு முறை இறங்கி மறுபடி ஏறி நிலைத்த பிறகே சுமை ஏற்றுங்கள். மேலே 80-ஐத் தாண்டவும் கூடாது.

பருவநிலையும் கணக்கில் சேரட்டும். டெக்சாஸில் கோடைப் பிற்பகலில் 40 டிகிரி வெயிலில் ஜெட் பொருத்தியிருந்தால், குளிர்கால விடியலில் 0 டிகிரியில் காற்று அதைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு அடர்த்தியாக இருக்கும். ஜெட் அதற்கேற்பத் தானாகப் பெரிதாகாது; கலவை மெலியும். எழுதி வைக்கும் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அன்றைய வெப்பநிலையை எழுதுங்கள்.

ரோட்டர்வே எக்ஸெக் 162எஃப் போன்ற வண்டி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் இருப்பது 150 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக், எரிபொருளைக் கணினி அளக்கிறது; நீடிலும் ஸ்லைடும் அங்கே இல்லை. இரண்டு முட்களைப் பார்ப்பதும், தளர்ச்சி உடனேயா தாமதித்தா என்று கேட்பதும் அங்கும் பொருந்தும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இந்த எஞ்சினுக்கு ரோட்டாக்ஸ் சொல்லும் முழுச் சீரமைப்பு இடைவெளி 300 மணி நேரம் அல்லது 5 ஆண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அது. மணி மீட்டர் நூறுகூடக் காட்டாவிட்டாலும் ஆண்டுக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. நின்றுபோன டூ ஸ்ட்ரோக்கில் கிரேங்க் பேரிங்குகளில் ஈரம் இறங்கித் துரு புள்ளி வைக்கும். வெளியிலிருந்து எந்த மீட்டரும் அதைக் காட்டாது. கிரேங்க்கை வெளியே எடுத்துப் பேரிங்குகளையும் சீல்களையும் மாற்றி, தண்டு கோணாமல் இருக்கிறதா என்று அளந்த பிறகே இதைப் பறக்கும் எஞ்சினாகக் கருதுங்கள். பழுது பார்ப்பதை நீங்களே செய்யலாம். அமெரிக்கச் சட்டம் சொந்தமாகக் கட்டிய வகை வண்டிகளுக்கு அதை அனுமதிக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் செய்யவேண்டிய தகுதி ஆய்வில் கையெழுத்திடும் உரிமை, அதற்கான பழுதுபார்ப்பவர் (ரிப்பேர்மேன்) சான்றிதழ் பெற்ற முதல் கட்டுநருக்கு உண்டு, வண்டியை வாங்கியதாலேயே அது கைமாறி வராது. உங்களுக்கு ஏ அண்ட் பி மெக்கானிக், அதாவது விமானத்தின் உடல், எஞ்சின் இரண்டுக்கும் உரிமம் பெற்றவர், ஒருவர் வேண்டும். அவரைக் கடைசி நாளில் கையெழுத்துக்கு மட்டும் அழைக்காமல், கிரேங்க்கைத் திறக்கும் நாளிலேயே கூப்பிட்டுவிடுங்கள்.